மலையைப் பெரிதாக்கும் வேலை

“ஒரு கோட்டை வேணும். தண்ணி வேணும், பின்னால பனிமலை வேணும். ஆளுங்க யாரும் தெரியக் கூடாது.” சுற்றுலா பிரோஷரின் அட்டைப்படத்துக்கு அலுவலகத்தில் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்.

கோடை விடுமுறையில் சென்னையிலிருந்து ஐரோப்பா கிளம்பும் சுற்றுலாக் குழுக்களோடு நானும் போவேன், படம் எடுக்க. குழுவுக்கு ஒரு ஆல்பம், அடுத்த வருட பிரோஷருக்குப் பத்துப் படங்கள், இதுதான் சம்பளத்துக்கான வேலை. அந்த மே மாதம் சுவிட்சர்லாந்தில் ஷியோன் கோட்டைக்குப் பயண நிரலில் ஒதுக்கியிருந்தது காலை ஒன்பதரையிலிருந்து ஐம்பது நிமிடம்.

ஷியோன், லெமான் ஏரியின் கிழக்குக் கோடியில், கரையை ஒட்டிய ஒரு பாறைத் தீவில் நிற்கிறது. ஜெனீவா ஏரி என்று நாம் சொல்வதும் இதைத்தான். தீவு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். கரைக்கும் பாறைக்கும் நடுவே ஓர் இயற்கைப் பள்ளம், அதன்மேல் கூரை போட்ட ஒரு மரப்பாலம், தாண்டினால் கோட்டை.

பேருந்திலிருந்து இறங்கியதுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. கோட்டைக்குக் கிழக்கே மலை செங்குத்தாக எழுகிறது. காலை வெயில் அந்த மலைக்குப் பின்னால்தான் இருந்தது. ஏரி மின்னுகிறது, கோட்டை மட்டும் நனைந்த கரி மாதிரி நிழலில் கிடக்கிறது. நிரல் போட்டவருக்குத் தூரம் தெரியும், மதியச் சாப்பாடு எங்கே என்று தெரியும். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வரும் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. இத்தனை வருடத்தில் நானும் சண்டை போட்டுப் பார்த்து ஓய்ந்துவிட்டேன்.

சரி, வெளியே வேலைக்காகாது என்று குழுவோடு உள்ளே போனேன். நிலவறையில்தான் எல்லோரும் அதிக நேரம் நின்றார்கள். ஒரு பக்கம் செதுக்காத பாறையே சுவர்; நடுவில் வரிசையாகத் தூண்கள், அவற்றிலிருந்து விரிந்து மேலே கவியும் கல் வளைவுகள். ஜெனீவாவைச் சேர்ந்த ஃபிரான்சுவா போனிவார், அப்போது இந்தப் பகுதியை ஆண்ட சவோய் வம்சத்துப் பிரபுவை எதிர்த்ததற்காக 1530-இலிருந்து 1536 வரை இந்தக் கோட்டையில் அடைபட்டிருந்தார். முதல் இரண்டு வருடம் மேலே ஓரளவு வசதியாக. மீதி நான்கு வருடம் இங்கே கீழே. நடந்து நடந்து கல்தரையில் ஒரு தடமே விழுந்துவிட்டதாக அவரே எழுதியிருக்கிறார். 1816-இல் வந்த ஆங்கிலக் கவிஞர் பைரன் அவரைப் பற்றிக் கவிதை எழுதப்போய்த்தான் இடம் உலகப் புகழ் பெற்றது. தூண் ஒன்றில் பைரனின் பெயர் செதுக்கியிருக்கிறது. நம் ஊர் மண்டபங்களில் பெயர் கிறுக்குபவர்களைத் திட்டிக்கொண்டே வளர்ந்தவன் நான். இங்கே அதே கிறுக்கலைச் சட்டகம் போட்டுப் பாதுகாக்கிறார்கள்!

டிரைபாடை வெளியே வைத்துவிட்டு வந்திருந்தேன். இருட்டுக்காக கேமராவின் ஒளி உணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை, 3200-க்கு ஏற்றி, தூணில் தோளைச் சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். ஒடுங்கிய சன்னல்கள் பளீரென்று வெளுத்துப்போகும், அல்லது தூண்கள் இருட்டில் மூழ்கும்; இரண்டையும் ஒரே படத்தில் காப்பாற்ற முடியவில்லை. நான் தூண்களின் பக்கம் நின்றேன்.

அப்புறம் வழிகாட்டி, ஓர் உள்ளூர்ப் பெண்மணி, எங்களை மேலே அழைத்துப்போனார். ஏரியைப் பார்த்த பக்கம் பெரிய கூடங்கள், அழகான அகன்ற சன்னல்கள். கரையைப் பார்த்த பக்கம் அரைவட்டக் கோபுரங்கள், அம்பு விடுவதற்கான வெறும் கீறல்கள். “ஒரு பக்கம் அரண்மனை, ஒரு பக்கம் அரண்” என்று நான் நோட்டில் எழுதிக்கொண்டேன், படக்குறிப்புக்கு ஆகும் என்று. எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், ஏரியிலிருந்து எதிரி வரமாட்டானா, தரைப்பக்கம் மட்டும் ஏன் இவ்வளவு பயம் என்று கேட்டார். அந்தப் பெண் கீறல் வழியாகக் கீழே கையைக் காட்டினார். சாலை.

மலைக்கும் ஏரிக்கும் நடுவில் இந்த இடத்தில் ஒரு குறுகலான வழிதான் உண்டு. இத்தாலியிலிருந்து வரும் வணிகர்கள் 2,469 மீட்டர் உயர கிரேட் செயின்ட் பெர்னார்டு கணவாயைத் தாண்டி வடக்கே போகிற வழி இது. 12-ஆம் நூற்றாண்டிலிருந்தே கோட்டை சவோய் வம்சத்தின் கையில். 1214-இல் பக்கத்திலேயே வில்நவ் என்ற ஊரை உண்டாக்கி, போகிற வருகிற சரக்குக்கு அங்கே தீர்வை வசூலித்தார்கள். கோட்டை அந்த வழிக்குக் காவல்.

“அதாவது டோல்கேட்” என்றார் பொறியாளர். குழு மொத்தமும் சிரித்தது. பரனூரில் பணம் கட்டாத ஒருவர்கூட அங்கே இல்லை.

மதியம் வேறெங்கோ போய்விட்டு, பக்கத்து ஊரான மோந்த்ரோவில் தங்கினோம். இரவுச் சாப்பாட்டுக்கு இருக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைப் பாதையில் மூன்று கிலோமீட்டர் திரும்ப நடந்தேன். மே மாதத்தில் அங்கே ஒன்பது மணி வரை வெளிச்சம் உண்டு. இப்போது வெயில் ஏரியின் மேலாக, என் வலது தோளுக்குப் பின்னாலிருந்து வந்தது. காலையில் கரியாய்க் கிடந்த சுவர் வெல்லப்பாகு நிறத்தில் நின்றது.

இனி மலை. தெற்கே, 25 கிலோமீட்டருக்கும் அப்பால், 3,257 மீட்டர் உயர டான் டு மிடி பல்வரிசை மாதிரி நிற்கிறது. கோட்டைக்குக் கிட்டே நின்று, அகலமாகப் பிடிக்கும் வைட் லென்ஸில் பார்த்தால் அது ஒரு பால்பல். நூறு, இருநூறு, ஐந்நூறு மீட்டர் என்று பின்வாங்கி, குறுகலாகப் பிடிக்கும் டெலி லென்ஸைப் போட்டால் கோட்டையின் தலைக்குமேல் பூதம் மாதிரி எழும்பிவிடும். லென்ஸ் ஒன்றும் மலையை இழுத்துவருவதில்லை. நாம் தள்ளிப்போகப் போகக் கோட்டை சிறுக்கிறது. அவ்வளவு தூரத்து மலைக்கு நம் ஐந்நூறு மீட்டர் ஒரு பொருட்டே இல்லை. தண்ணீரின் பளபளப்பைக் குறைக்கும் வடிகட்டியான போலரைசரையும் அளவோடுதான் திருப்பினேன். முழுக்கத் திருப்பினால் தண்ணீரில் விழும் கோட்டையின் பிம்பமும் சேர்ந்து அழிந்துவிடும்.

இடது ஓரத்தில் ஒரே தொல்லை. கோட்டையை ஒட்டிச் சாலை, அதை ஒட்டி ரயில் தண்டவாளம், அதற்கும் மேலே மலைச்சரிவில் தூண்கள்மேல் ஓடும் நெடுஞ்சாலைப் பாலம். அட்டையில் இதெல்லாம் வரக்கூடாது. சட்டகத்தை வலப்பக்கம் நகர்த்தி நகர்த்தி, மரக்கிளை ஒன்றால் மறைத்து, ஒரு வழியாகத் துடைத்தேன். படம் கிடைத்துவிட்டது. பார்த்தவுடனேயே தெரிந்தது, இதுதான் அட்டை.

பையை மூடும்போது ரயில் ஒன்று கோட்டையை உரசுவதுபோல் போனது. மேலே பாலத்தில் லாரிகள் வரிசையாக இத்தாலிப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. எந்த வழிக்காக இந்தக் கோட்டையைக் கட்டினார்களோ அந்த வழியைத்தான் அரைமணி நேரமாகச் சட்டகத்திலிருந்து விரட்டிக்கொண்டிருந்தேன். திரும்பப் பையைத் திறந்தேன். அடுத்த ரயிலுக்குக் காத்திருந்து, பாலம், லாரி, தண்டவாளம், கோட்டை எல்லாம் சேர்த்து ஒன்று எடுத்தேன். அழகான படம் என்று சொல்லமாட்டேன். இரண்டையும் அனுப்பினேன். இரண்டாவதைப் பற்றி “இது என்ன, தப்பா க்ளிக் ஆயிடுச்சா?” என்று பதில் வந்தது.

அடுத்த வருடம் அதே கோட்டை, அதே காலை ஒன்பதரை. குழுவில் வந்திருந்த ஓர் அம்மா பிரோஷரைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அட்டையைத் தூக்கிப் பிடித்துக் கோட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

“தம்பி, இதுல இருக்கிற மலை எங்கப்பா?”

காட்டினேன்.

“அவ்வளவு சின்னதா?”

“கொஞ்சம் பின்னால போனா பெருசாயிடும்மா.”

“எவ்வளவு தூரம்?”

“அரைக் கிலோமீட்டர்.”

முழங்காலைத் தடவிக்கொண்டு கரையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். “நீ போய்ப் பார்த்தாச்சு இல்ல, போதும். இந்த ரயிலு நல்லா இருக்கு, அதோட சேர்த்து என்னை ஒண்ணு எடு.”