ஈரக்காற்றும் பெரிய ஸ்டோரேஜ் அறையும்

வாடகைக்கு ஸ்டோரேஜ் அறை பார்க்கப் போனால் முதலில் என் மூக்கைத்தான் நம்புவேன். கதவைத் திறந்ததும் பூஞ்சை வாடை அடித்தால், அப்படியே திரும்பிவிடுவேன். அடுத்து ஈரப்பதமானி. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். 50 அளவில் இருந்தால் அம்மாவின் தேக்கு அலமாரியைத் தைரியமாக வைக்கலாம். ‘ஏசி இருக்கு சார்’ என்பார்கள். குளிர்விப்பது வேறு, ஈரத்தை இழுப்பது வேறு. டிஹியூமிடிஃபையர் ஓடுகிறதா என்று கேளுங்கள்.

லிஃப்ட் இருந்தால் மாடிதான் என் தேர்வு. தரைத்தளத்துக் கான்கிரீட் வழியாக மண்ணின் ஈரம் ஏறும்.

தேவைக்குச் சற்றுப் பெரிய அறை ஆடம்பரமல்ல. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, மரப்பலகை மேல் அடுக்கினால் காற்று நடமாடும். மெத்தையை மட்டும் பிளாஸ்டிக்கில் இறுக்கிச் சுற்றாதீர்கள். உள்ளே மாட்டிய ஈரம் வெளியேறாது. பருத்தித் துணி போதும்.