வைஃபை இல்லாமல் எழுந்த லினக்ஸ் மின்ட்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்கும் செயலிகளின் பட்டியலில் சித்தப்பாவின் மடிக்கணினி இல்லை. கீபோர்டும் திரையும் நன்றாகவே இருந்ததால் தூக்கிப்போட மனம் வராமல், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தேன். ஒலி, டச்பேட், திரை வெளிச்சம் எல்லாம் தாமாகவே வேலை செய்தன. வைஃபை மட்டும் இல்லை. நெட்வொர்க் பட்டியலில் பக்கத்து வீட்டு வைஃபையின் பெயர்கூடத் தெரியவில்லை.

இந்த இடத்தில் பலரும் மடிக்கணினியின் மாடல் பெயரைப் போட்டுத் தேடுவார்கள். பொழுதுதான் போகும். ஒரே மாடல் வேறு வேறு வைஃபை கார்டுகளோடு விற்பனைக்கு வருவது உண்டு. தெரிய வேண்டியது சிப்பின் எண். கட்டளைகளைத் தட்டும் டெர்மினலில், கணினிக்குள் இருக்கும் வன்பொருள்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை எண்களோடு காட்டும்படி ஓட்டினேன். பிராட்காம் பிசிஎம்43142 என்று வந்தது. வரியின் இறுதியில் 4365 என்ற அடையாள எண். பிராட்காமின் பழைய சிப்கள் பலவற்றுக்கு, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடு வரும் பி43 டிரைவர் (சிப்பை இயக்கும் மென்பொருள்) பொருந்தும். 43142-க்கு அது பொருந்தாது. டபிள்யூஎல் என்ற தனி டிரைவர்தான் வேண்டும். அது கெர்னலோடு வருவதில்லை.

டிரைவரை இறக்க இணையம் வேண்டும். இணையம் வர டிரைவர் வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதை. மின்ட் நிறுவிய பென் டிரைவிலேயே இந்த டிரைவர் இருக்கிறது. அதைச் செருகி, மின்ட்டின் டிரைவர் மேனேஜரிலிருந்து நிறுவலாம். ஆனால் கெர்னல் அப்டேட்டை முதலில் முடித்துவிட நினைத்ததால் நான் போனை நாடினேன். ஆண்ட்ராய்டு போனை வீட்டு வைஃபையில் இணைத்து, கேபிளில் மடிக்கணினியோடு கோத்து, யூஎஸ்பி டெதரிங்கை இயக்கினால் லினக்ஸ் அதைக் கம்பி இணைப்பாகவே எடுத்துக்கொள்கிறது. மொபைல் டேட்டாவும் செலவாகாது.

பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்து, பிராட்காம் வரியைத் தேர்ந்தெடுத்து, நிறுவச் சொன்னேன். டிகேஎம்எஸ் என்ற கருவி, இருக்கும் கெர்னலுக்கு ஏற்றபடி டிரைவரை அங்கேயே தொகுக்கிறது. நடுவில் ஒரு கடவுச்சொல்லை அமைக்கச் சொல்லிக் கேட்டது. இது கணக்குக்கான கடவுச்சொல் அல்ல. நம்பகமான மென்பொருளை மட்டும் ஏற்கும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு இயங்கும் கணினியில், இப்படி அங்கேயே தொகுத்த டிரைவரின் கையொப்பத்தை நம்பலாம் என்று நாம் ஒப்புதல் தராமல் கெர்னல் அதை ஏற்றாது. அந்த ஒப்புதலுக்கு ஒருமுறை மட்டும் பயன்படும் சொல் இது. குறைந்தது எட்டு எழுத்து. தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

கணினியை மறுபடி தொடங்கியதும் நீலத் திரை வந்தது. "என்னப்பா, கெட்டுப்போய்விட்டதா?" என்று சித்தப்பா எழுந்தே விட்டார். அது பிழைத் திரை அல்ல. பத்து நொடிக்குள் ஒரு விசையை அழுத்தினால் பட்டியல் திறக்கும். அதில் என்ரோல் மோக் (அந்தக் கையொப்பத்துக்கான சாவியைப் பதிவு செய்வது), பிறகு கன்டினியூ, பிறகு யெஸ், அதன்பின் அந்தக் கடவுச்சொல். தட்டும்போது எழுத்துகள் திரையில் தெரியாது. பத்து நொடியில் எதையும் அழுத்தாவிட்டால் கணினி வழக்கம்போல எழும். டிரைவர் நிறுவப்பட்டிருக்கும், வைஃபை மட்டும் வராது. எல்லாம் சரியாகச் செய்தும் வேலை செய்யவில்லை என்று புலம்புவோரில் பலர் இந்தத் திரையைத் தவறவிட்டவர்கள் என்பது என் எண்ணம். கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்துவிடு என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். ஒருமுறை கடவுச்சொல் தட்டச் சோம்பல்பட்டு ஒரு பாதுகாப்பையே கழற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

வைஃபை வந்தது. "நம் வீட்டில் இரண்டு பெயர் வருமே, இதில் ஒன்றுதானே இருக்கிறது?" என்றார் சித்தப்பா. இந்தச் சிப் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இயங்கும். 5 ஜிகாஹெர்ட்ஸ் இணைப்பு அதன் கண்ணுக்கே தெரியாது. எந்த டிரைவரைப் போட்டாலும் இது மாறாது. அவருக்குச் செய்தித்தாளும் யூடியூபும் ஓடினால் போதும் என்பதால் விட்டுவிட்டேன்.

கெர்னல் புதிதாகும்போது டிகேஎம்எஸ் தானாகவே டிரைவரை மறுபடி தொகுத்துவிடும். எப்போதாவது புதிய கெர்னலில் அது தொகுபடாமல் போவதும் உண்டு. அப்படி நேர்ந்தால் தொடக்கப் பட்டியலிலிருந்து பழைய கெர்னலைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதால், அதை மட்டும் நீக்காமல் வைத்திருக்கிறேன்.