எரிமலைக்குப் போகும்முன் காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள்

எரிமலை என்றாலே மனதில் வருவது சிவப்பாக வழியும் லாவாதான். சுற்றிப்பார்க்கப் போகிறவருக்கு அது அவ்வளவு பெரிய ஆபத்து இல்லை. கண்ணுக்குத் தெரியும், சூடு தூரத்திலேயே உறைக்கும், பெரும்பாலும் நடந்தே விலகிவிடலாம். ஆளைச் சாய்ப்பவை வாயுவும் நீராவி வெடிப்பும்தான்.

முதலில் எச்சரிக்கை நிலை. "லெவல் 2தானே, போகலாம்" என்று கிளம்புகிறவர்கள் நிறைய. ஆனால் நாட்டுக்கு நாடு அந்த எண்ணின் பொருளே வேறு. ஜப்பானில் 1 முதல் 5 வரை. 2 என்றால் எரிமலை வாயை நெருங்காதே, 3 என்றால் மலைக்கே போகாதே. நியூசிலாந்தில் 0 முதல் 5. 1, 2 இரண்டும் உள்ளே ஏதோ புகைகிறது என்பதற்கு, 3 முதல் 5 வரை வெடித்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு. அது இப்போதைய நிலையைச் சொல்லும், நாளை என்ன ஆகும் என்பதைச் சொல்லாது. இந்தோனேசியாவில் நார்மல், வஸ்பாடா, சியாகா, அவாஸ் என நான்கு படிகள். அங்கே எண்ணைவிட அதோடு வரும் "இத்தனை கிலோமீட்டருக்குள் போகாதே" என்ற வரியைத்தான் படிக்க வேண்டும். சுமத்ராவின் மராபி லெவல் 2ல்தான், அதாவது வஸ்பாடாவில்தான் இருந்தது. 3 கிலோமீட்டருக்குள் போக வேண்டாம் என்ற பரிந்துரையும் இருந்தது. 2023 டிசம்பர் 3ல் அது வெடித்தபோது மேலே இருந்தவர்களில் 24 பேர் இறந்தார்கள்.

குறைந்த எண்ணும் காப்பாற்றாது. 2014 செப்டம்பர் 27, சனிக்கிழமை, நண்பகலுக்குச் சற்று முன் ஜப்பானின் ஒன்டாகே வெடித்தபோது நிலை 1. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்த்து 63 பேர். அதுவரை லெவல் 1க்கு "வழக்கமான நிலை" என்றுதான் பெயர். அடுத்த வருடம் அதை "இது உயிருள்ள எரிமலை என்பதை நினைவில் வை" என்ற பொருளில் மாற்றினார்கள். நல்ல திருத்தம்.

ஒன்டாகேயில் நடந்தது நீராவி வெடிப்பு. இந்த வகைக்கு மேக்மா, அதாவது பூமிக்குள் உருகிக் கிடக்கும் பாறை, மேலே வர வேண்டியதில்லை. பாறைக்குள் அழுத்தத்தில் கிடக்கும் வெந்நீருக்கு மூடி திறந்தால் போதும். நீர் ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரியும், பாறையையும் சேர்த்துத் தூக்கி எறியும். பெரும்பாலும் சில நொடி அவகாசம்கூடக் கிடைக்காது. அதனால் உங்கள் கையில் இருப்பது ஒன்றுதான்: வாய்க்கருகே இருக்கும் நேரத்தைக் குறைப்பது. விளிம்பில் இருபது நிமிடம் தாராளம். சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கீழே வந்து பிரிக்கலாம்.

இனி வாயு. சல்பர் டை ஆக்சைடு தொண்டையைக் கீறும், இருமல் வரும், உடனே தெரிந்துவிடும். ஆஸ்துமா இருப்பவர்களுக்குக் கொஞ்சமே போதும், அவர்கள் புகை வரும் பக்கமே போகக்கூடாது. ஹைட்ரஜன் சல்பைடுக்கு அழுகிய முட்டை நாற்றம்; செறிவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும். "வாசம் போயிடுச்சு" என்று நிம்மதியடைவதுதான் தப்பு. கார்பன் டை ஆக்சைடுக்கு வாசமே இல்லை. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால் பள்ளத்தில் தேங்கும், காற்றில்லாத இரவில் இன்னும் மோசம். குளிருக்கு ஒதுங்கப் பள்ளத்தில் உட்காராதீர்கள், படுக்கவே படுக்காதீர்கள்.

மாஸ்க்கில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். என்95 சாம்பலுக்கு உதவும், வாயுவுக்கு உதவாது. வேண்டியது அமில வாயுக்கான கார்ட்ரிட்ஜ், அதாவது மாஸ்க்கில் மாட்டும் வடிகட்டி டப்பா. ஐரோப்பிய முறையில் 'இ' (E) வகை, மஞ்சள் பட்டை. போட்டதும் இரு கார்ட்ரிட்ஜையும் உள்ளங்கையால் பொத்தி மூச்சை இழுங்கள். மாஸ்க் முகத்தோடு ஒட்டி அப்படியே பத்து நொடி நிற்க வேண்டும். ஓரத்தில் காற்று சீறினால் பட்டையை இழுத்துக் கட்டிவிட்டு மறுபடி பாருங்கள். தாடி இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் ஒட்டாது. உறை பிரித்த கார்ட்ரிட்ஜ் சும்மா கிடந்தாலும் ஈரத்தை இழுத்து வீணாகும். மலையடிவாரத்தில் வாடகைக்குத் தருகிறார்களே, அதில் எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். உள்ளே கந்தக நெடி வந்தால் அதன் ஆயுள் முடிந்தது, திரும்பிவிடுங்கள். எந்த மாஸ்க்கும் ஆக்சிஜன் தராது, கார்பன் டை ஆக்சைடையும் நிறுத்தாது. மாஸ்க் இல்லாமல் மாட்டிக்கொண்டால் ஈரத்துணி கொஞ்சம் தாங்கும், வெளியே வருகிற வரைக்கும் மட்டும்.

புகை நம் பக்கம் திரும்பினால் அதோடு ஓடாமல், காற்றுக்குக் குறுக்கே நடந்து அதிலிருந்து வெளியே வர வேண்டும். ஜாவாவின் ஈஜென்னில் நீலத் தீ பார்க்க இருட்டில் வாய்க்குள் இறங்குகிறவர்களுக்கு இது நன்றாகவே பொருந்தும். அந்த நீலம் லாவா இல்லை, எரியும் கந்தக வாயு.

கல் எறியும் மலைகளில் பழக்கம் வேறு. வெடிச்சத்தம் கேட்டால் முதுகைக் காட்டி ஓடாதீர்கள். மேலே பார்த்து, கல் விழும் இடத்தைக் கணித்து, ஓரடி இரண்டடி விலகுங்கள். ஹெல்மெட்டின் தாடைப்பட்டை மாட்டியிருக்கட்டும். இத்தாலியின் ஸ்ட்ரோம்போலியில் முன்பு கைடோடு 924 மீட்டர் உச்சி வரை போகலாம். 2019 ஜூலை, ஆகஸ்ட் பெருவெடிப்புகளுக்குப் பிறகு உச்சியை மூடிவிட்டார்கள். கீழிருந்தே வெடிப்பு நன்றாகத் தெரிகிறது, குறை ஒன்றுமில்லை.

உண்மையில் அதிகம் பேர் அடிபடுவது இறங்கும்போதுதான். சரளையில் கால் வழுக்கிக் கையை ஊன்றுவார்கள்; அந்தக் கல் உடைந்த கண்ணாடி மாதிரி உள்ளங்கையைக் கிழிக்கும். தோல் கையுறை, கணுக்காலை மூடும் பூட்ஸ், ஹெட்லாம்புக்கு மாற்று பேட்டரி. புதிய லாவா மேலே கறுத்திருந்தாலும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். அதன் மேல் நடந்தால் பசை இளகி ஷூவின் அடிப்பாகம் கழன்றுவரும்.

காண்டாக்ட் லென்ஸை அறையிலேயே கழற்றிவைத்துக் கண்ணாடி போடுங்கள். கேமரா லென்ஸில் சாம்பல் படிந்தால் துணியால் துடைக்காதீர்கள், அது பொடித்த கண்ணாடி. ஊதுபந்தால் ஊதி எடுத்த பிறகுதான் துணி. கந்தகப் புகையில் நின்ற டிரைபாடை அன்றிரவே நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துக் காயவையுங்கள். காலை வரை விட்டால் திருகுகள் துருப்பிடிக்க ஆரம்பித்துவிடும்.