பழகாத சட்டையில் பேப் ரூத்

அமெரிக்க பேஸ்பால் வீரர் பேப் ரூத் என்றால் எல்லாருக்கும் நியூயார்க் யாங்கீஸ் அணியின் சட்டைதான் கண்ணில் வரும். ஆனால் அவர் கடைசியாக ஆடியது பாஸ்டன் பிரேவ்ஸ் அணிக்கு. 1935. வயது 40. உடம்பு பெருத்து, முழங்கால் விட்டுப்போய், ஓடவே கஷ்டப்பட்ட நேரம். துணைத் தலைவர், உதவி மேலாளர் என்று பதவி கொடுத்துதான் கூட்டி வந்தார்கள். உண்மையில் அவர்களுக்கு வேண்டியிருந்தது டிக்கெட் விற்க ஒரு பெயர். இதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறமாட்டேன் என்கிறது. அங்கே மொத்தம் 28 ஆட்டம், பேட்டிங் சராசரி .181, அதாவது நூறு முயற்சிக்குப் பதினெட்டு அடிதான்.

ஆனால் அந்த மே 25! பிட்ஸ்பர்க், ஃபோர்ப்ஸ் ஃபீல்ட் மைதானம். ஒரே ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன், அதாவது பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பும் அடி. மூன்றாவதாக அடித்த பந்து வலப்பக்க ஸ்டாண்டின் கூரையையே தாண்டி வெளியே போனது. அதற்குமுன் அங்கே யாரும் அப்படி அடித்ததில்லை. அதுதான் அவருடைய 714-வது, கடைசி ஹோம் ரன். அன்றைக்கும் பிரேவ்ஸ் தோற்றது, 11-7. அன்றோடு நிறுத்தியிருக்கலாம் என்பார்கள். அவர் மே 30 வரை ஆடினார். ஆடட்டுமே, அவர் விளையாட்டு அது.

இன்னொரு பேஸ்பால் ஜாம்பவான் வில்லி மேஸுக்கும் இதே கதி. 1973 உலகத் தொடரில் (அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டித் தொடர்), நியூயார்க் மெட்ஸ் அணியின் பழகாத சட்டையில், வெளிக்களத்தில் அவர் தடுமாறி விழுந்ததைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். அதே ஆட்டத்தில் 12-வது இன்னிங்ஸில் மெட்ஸை முன்னிலைக்குக் கொண்டுபோன அடி அந்த 42 வயது மனிதர் அடித்தது. அதையும் ஒருமுறை போட்டுக் காட்டுங்களேன்.