வராத சர்வருக்காகக் காத்திருந்த கம்ப்யூட்டர்

காங்கேயம் வட்டாரத்தில் கொப்பரைக் களம் வைத்திருக்கும் என் தாய்மாமாவின் அலுவலகக் கம்ப்யூட்டர், காலையில் பொத்தானை அழுத்திய பிறகு பில் போடும் நிலைக்கு வருவதற்குள் ஒரு லோடு கொப்பரையை இறக்கிக் களத்தில் பரப்பியே முடித்துவிடலாம் என்பது அங்கே வேலை செய்பவர்கள் ஒருமனதாகச் சொல்லிவந்த கருத்து. மாமா இதைத் தொடக்கத்தில் ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பூட்டைத் திறந்து, மெயின் சுவிட்சை ஏற்றி, முருகன் படத்துக்குச் சூடம் காட்டி, அதே கையோடு கம்ப்யூட்டரின் பொத்தானையும் அழுத்திவிட்டு எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போவது அவருடைய வழக்கம். தேங்காய் விலை, மழை, பிஏபி என்ற பரம்பிக்குளம்-ஆழியாறு பாசன வாய்க்காலில் தண்ணீர் திறந்த சேதி ஆகிய மூன்றையும் பேசி முடித்து அவர் திரும்பும்போதும் திரை கறுப்பாகவே இருக்கும். அதில் ஆங்கிலத்தில் இரண்டு வரிகள் மட்டும் வெள்ளையாக நிற்கும். பெட்டி ஏதோ முக்கியமான யோசனையில் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, அதைத் தொந்தரவு செய்யாமல் மாமா களத்துக்குப் போய்விடுவார்.

சரக்கு ஏற்றிய லாரி வாசலில் நிற்க, சரக்கோடு போக வேண்டிய இ-வே பில் எடுக்க முடியாமல் எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டிருக்க, ஓட்டுநர் ஹாரனை அழுத்தத் தொடங்கிய நாளிலிருந்துதான் இது வியாதி என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. வியாதி என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால் வைத்தியர்களுக்கா பஞ்சம்? மின்சாரப் பொருள் என்றால் அக்கினி மூலையில்தான் இருக்க வேண்டும் என்று வாஸ்து தெரிந்த ஒருவர் சொன்னதால், மேசை தென்கிழக்குக்கு இடம் பெயர்ந்தது. கம்ப்யூட்டர் பார்க்கும் தம்பி ஒருவர் வந்து, பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி போட்டார். பிறகு ஒரு முறை வந்து 4 ஜிபியாக இருந்த ரேமை, அதாவது வேலை நேரத்து நினைவகத்தை, 16 ஜிபியாக உயர்த்தினார். இரண்டுமே நியாயமான வைத்தியம்தான், அதை மறுப்பதற்கில்லை. விண்டோஸ் சின்னம் தோன்றிய பின்பு நடக்கும் காரியங்கள் எல்லாம் விறுவிறுவென்று நடந்தன. ஆனால் அந்தச் சின்னம் தோன்றும் வரையிலான நேரம் கொஞ்சமும் குறையவில்லை; ரேம் கூடிய பிறகு ஒரு சுற்று கூடியது போலவே தெரிந்தது. "காசு போனது போச்சு மாப்ளெ, பொட்டி அதே நடைதான் நடக்குது" என்று மாமா எனக்குப் போன் செய்தார்.

நான் கோவையில் ஒரு நிறுவனத்தில் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். எங்கள் பக்கத்துச் சொந்தங்களைப் பொறுத்தவரை, இந்த வேலையில் இருப்பவனுக்குப் பிரிண்டர், டிவி, இன்வெர்ட்டர், அத்தை வீட்டு மிக்சி வரை எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு என்று அழைக்கப்பட்டு, சாப்பாட்டுக்கு வெகு நேரம் முன்பே கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார வைக்கப்பட்டேன்.

பொத்தானை அழுத்துவதற்கும் விண்டோஸ் வருவதற்கும் இடையில் பெட்டியை ஆள்வது, உறுப்புகளை எல்லாம் இணைக்கும் பலகையான மதர்போர்டில் உள்ள ஒரு சிப்பில் எழுதப்பட்டிருக்கும் ஃபர்ம்வேர். 1981-ல் ஐபிஎம் பிசி வந்த காலத்திலிருந்து அதற்கு பயாஸ் என்று பெயர். இப்போதைய போர்டுகளில் இருப்பது யுஇஎஃப்ஐ என்றாலும் எல்லோர் வாயிலும் பயாஸ்தான் நிலைத்துவிட்டது. பிராசசர், ரேம், கீபோர்டு, டிஸ்க் ஆகியவற்றை எழுப்பிச் சோதித்துவிட்டு, விண்டோஸ் எதில் இருக்கிறது என்று தேடிப் பிடித்து அதனிடம் பொறுப்பை ஒப்படைப்பது அதன் வேலை. இதற்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்பதை விண்டோஸே சொல்லிவிடும்: டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதியைத் திறந்தால், மேல் மூலையில் 'லாஸ்ட் பயாஸ் டைம்' என்று விநாடிக் கணக்கு இருக்கும். பொதுவாக 10, 15 என்று இருக்க வேண்டிய அந்த எண், மாமாவின் பெட்டியில் 1,500-ஐத் தாண்டி நின்றது. முதலில் என் கண்ணையே நான் நம்பவில்லை. பிறகுதான் விளங்கியது, மாமா டீ குடித்த நேரமும் அதற்குள் அடங்கியிருக்கிறது என்று.

மெயினை இறக்கி ஏற்றிவிட்டு, பொத்தானை அழுத்திப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். அதே இரண்டு வெள்ளை வரிகள் வந்தன. தேதியும் நேரமும் அமைக்கப்படவில்லை, தொடர வேண்டுமானால் எஃப் 1 விசையை அழுத்தவும் என்பதே அவற்றின் பொருள்.

கணக்கு எழுதும் அக்கா சற்றும் பதறாமல், "அது தெனமும் கேக்குமுங்க தம்பி. ஒம்போது மணிக்கு நாந்தான் வந்து அமுக்குவனுங்க. அப்பறம் தேதிய மாத்தோணும், இல்லாட்டி ஜிஎஸ்டி சைட்டு தொறக்காதுங்க" என்றார்.

ஆக, அந்தப் பெட்டி அவ்வளவு நேரமும் மெதுவாக வேலை செய்துகொண்டிருக்கவில்லை. வேலையே செய்யாமல், ஒரு விசையை அழுத்தச் சொல்லி மரியாதையாகக் கேட்டுவிட்டுச் சும்மா நின்றிருக்கிறது. எஃப் 1-ஐ அழுத்தியதும் அது காட்டிய தேதி 2013 ஜனவரி 1. ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்ததே 2017 ஜூலை 1-ல்தான் என்னும்போது, பிறக்காத வரிக்கு அக்கா தினமும் பில் போட முயன்றிருக்கிறார். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடங்கும் நாளும் முடியும் நாளும் உண்டு என்பதால், கடிகாரம் இத்தனை ஆண்டு பின்னால் போய்விட்ட பெட்டிக்கு எந்த பிரௌசரும் கதவைத் திறக்காது.

காரணம், மதர்போர்டில் உட்கார்ந்திருக்கும் பட்டன் பேட்டரி. சிஆர் 2032 என்பது அதன் பெயர். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம் என்ற அளவே அந்த எண்ணாகியிருக்கிறது. கடிகாரத்தை ஓட வைப்பதும், பயாஸ் அமைப்புகளை மறக்காமல் காப்பதும் இதன் பொறுப்பு. பிளக்கில் மின்சாரம் இருக்கும் வரை, கம்ப்யூட்டரை அணைத்திருந்தாலும் உள்ளே மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ் விடும் சிறு மின்சாரத்தில் கடிகாரம் ஓடிக்கொள்ளும். மெயினை இறக்கினால்தான் பேட்டரி தன் கையிருப்பிலிருந்து செலவழிக்கும். எங்கள் மாமாவோ, சாயங்காலம் களத்தைச் சாத்தும்போது மெயினை இறக்காமல் வீட்டுக்குப் போனதாக வரலாறு கிடையாது. மிச்சம் பிடிக்கிறேன் என்று அவர் இறக்கிய ஒவ்வொரு இரவும் அந்தப் பேட்டரியின் கணக்கில் பற்று எழுதப்பட்டிருக்கிறது.

காலையில் எஃப் 1-ஐ உடனே அழுத்தினாலும் சின்னம் வர ஒன்றரை நிமிடம் ஆனது. இதற்கும் மூலம் அந்தப் பேட்டரியேதான். நினைவிழந்த போர்டு ஒவ்வொரு நாளும் தொழிற்சாலையில் பிறந்த அன்றைய அமைப்புகளுக்கே திரும்பிப் போனது, அந்த அமைப்புகளோ இந்தக் களத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாதவை. அவற்றின்படி, சில சோதனைகளை விட்டுவிட்டு விரைவாக எழ வைக்கும் ஃபாஸ்ட் பூட் அணைந்திருக்கும். ஆகவே ரேம் முழுவதையும் முதலிலிருந்து சோதிக்கும். 4 ஜிபி 16 ஆனால் சோதனையும் அதற்கேற்ப நீளும். தம்பி போட்ட ரேம் பெட்டியை மெதுவாக்கிய மர்மம் இதுதான்.

அதைவிடப் பெரிய கூத்து நெட்வொர்க் பூட். நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்கள் உள்ள அலுவலகங்களில், ஒவ்வொன்றிலும் பென் டிரைவைச் செருகிக்கொண்டிராமல், சர்வரிலிருந்து நெட்வொர்க் வழியாகவே விண்டோஸ் ஏற்றுவதற்காக பிஎக்ஸ்இ என்ற முறையை இன்டெல் 1990-களின் இறுதியில் வகுத்தது. மாமா வாங்கியது கோவையில் ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்ட பெட்டி. அதில், விண்டோஸை எங்கெங்கே எந்த முறையில் தேடுவது என்ற பூட் வரிசையின் முதல் இடம் நெட்வொர்க்குக்கே. எனவே காலைதோறும் அது இணையக் கேபிளில் வாயை வைத்து, எனக்கு விண்டோஸ் தரும் சர்வர் யாராவது இருக்கிறீர்களா என்று பழைய நெட்வொர்க் முகவரி முறையான ஐபிவி4-ல் கேட்டு, பதிலுக்குக் காத்திருந்து, பிறகு புதிய முறையான ஐபிவி6-ல் கேட்டு மறுபடியும் காத்திருந்து, வராத சம்பந்திக்கு இலை போட்டுவிட்டுப் பந்தியை நிறுத்தி வைத்திருக்கும் கல்யாண வீட்டைப் போல நின்றிருக்கிறது. அது ஓய்ந்த பின்பும் எஸ்எஸ்டியின் முறை வந்துவிடவில்லை. முன்பக்கத்தில் செருகியிருந்த, மாமாவின் கார் பாட்டுகள் நிறைந்த பென் டிரைவுக்குள் விண்டோஸ் இருக்கிறதா என்று பார்த்து, பக்திப் பாடல்கள் மட்டுமே இருக்கக் கண்டு, அதன் பிறகே எஸ்எஸ்டி பக்கம் திரும்பியது.

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். கொப்பரைத் தூசி எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து, நகத்தால் கீறினால் ஒரே துண்டாக உரிந்து வரும்படி ஃபேனைச் சுற்றிப் படிந்திருந்தது. பேட்டரியைப் பிடித்திருக்கும் சின்ன உலோக நாக்கை ஸ்குரூ டிரைவர் நுனியால் தள்ளியதும், அது ஒரு பக்கம் எம்பி எழுந்தது. மோட்டார் அறையிலிருந்து மல்ட்டிமீட்டரைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தால், 3 வோல்ட் காட்ட வேண்டியது 2-ஐக் கூடத் தொடவில்லை. பஸ் நிலையத்துப் பக்கம் உள்ள வாட்ச் கடைக்குப் போன மாமா, ஒன்று வாங்கினால் ஒரு விலை, ஐந்து உள்ள அட்டையாக வாங்கினால் வேறு விலை என்று கேள்விப்பட்டு, அட்டையாகவே வாங்கி வந்தார். இந்தச் சிக்கனம் பின்னால் என்னென்ன செய்யப்போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

புதிய பேட்டரியைப் போட்டு, தேதியைச் சரி செய்து, பூட் வரிசையில் எஸ்எஸ்டியில் உள்ள விண்டோஸை முதலிடத்தில் வைத்து, நெட்வொர்க் பூட்டை அணைத்து, ஃபாஸ்ட் பூட்டைப் போட்டேன். அதிலும் சில போர்டுகளில் அல்ட்ரா ஃபாஸ்ட் என்று ஒன்று இருக்கும். விண்டோஸ் வரும் வரை அது கீபோர்டையே எழுப்பாது, பிறகு பயாஸுக்குள் நுழைய வேண்டுமென்றால் விண்டோஸுக்குள் போய், ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்துச் சுற்றி வர வேண்டும். மாமா வீட்டுக்கு அந்த வித்தை வேண்டாம் என்று நடுத்தர நிலையிலேயே விட்டேன். பிழை கண்டால் எஃப் 1-க்காக நிற்கும் வழக்கத்தையும் அணைத்துவிடலாம். பலர் முதலில் அதைத்தான் அணைக்கிறார்கள். நான் அணைக்கவில்லை, ஏனென்றால் இத்தனை நாளும் அந்தப் பெட்டியில் உண்மையைச் சொன்னது அது ஒன்றுதான்.

பொத்தானை அழுத்தினேன். பயாஸ் நேரம் 11 விநாடி. டீக்கடைக்குக் கிளம்பிய மாமா வாசற்படியிலேயே நின்று, திரும்பிப் பார்த்து, சந்தேகத்தோடு கேட்டார்: "ஏப்பா மாப்ளெ, எல்லாத்தையும் ஒழுங்கா செக் பண்ணுச்சா, இல்ல அவசரத்துல பாதிய உட்டுருச்சா?"

ஃபாஸ்ட் பூட் சில சோதனைகளை விட்டுவிடுவது உண்மைதான் என்பதால், அவர் கேட்டது அசட்டுக் கேள்வி இல்லை. அன்றாடம் அதே உறுப்புகளோடு எழும் பெட்டிக்கு அந்தச் சோதனைகள் தினமும் தேவையில்லை என்று விளக்கினேன். மெயினை இறக்காமல் விட்டால் பேட்டரி பல ஆண்டு வரும், அணைந்த கம்ப்யூட்டர் 1 வாட் இழுத்தாலும் ஆண்டுக்கு 9 யூனிட்டைத் தாண்டாது என்றும் கணக்குச் சொன்னேன். "இடி உளுந்தா நீயா வந்து கட்டுவே?" என்றார். கோடை மழைக்கு எங்கள் பக்கம் விழும் இடியை நினைத்து, நானும் மறுபேச்சுப் பேசவில்லை.

அந்த வாரக் கடைசியில், இரவுச் சாப்பாட்டு நேரத்தில் மாமாவிடமிருந்து போன் வந்தது. பக்கத்து எண்ணெய் ஆலைக்கார அண்ணனின் கம்ப்யூட்டரும் மெதுவாக ஓடுகிறது என்று கேள்விப்பட்டு, அட்டையில் மீந்திருந்த பேட்டரிகளில் ஒன்றை மாமா தம் கையாலேயே அதில் மாற்றியிருக்கிறார். இப்போது நீலத் திரைதான் வருகிறதாம்.

"பழைய பேட்டரியக் கழட்டறதுக்கு முன்னால, உள்ளுக்குள்ள இருந்த செட்டிங்க எல்லாம் போட்டோ எடுத்தீங்களா மாமா?"

"எடுக்காம இருப்பனா? பேட்டரியப் போட்டோ எடுத்தேன்."

நீலத் திரையில் 'இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று இருப்பதை ஆலைக்கார அண்ணன் எழுத்துக் கூட்டிப் படித்ததும் விஷயம் பிடிபட்டது. பேட்டரியைக் கழற்றினால் பல போர்டுகளில் எல்லா அமைப்புகளும் பழைய நிலைக்குப் போய்விடும். அவற்றில், டிஸ்க்கோடு எந்த முறையில் பேசுவது என்று சொல்லும் சாட்டா மோடும் ஒன்று. விண்டோஸ் ஏற்றப்பட்டபோது அது ஏஹெச்சிஐ என்ற முறையில் இருந்து, இப்போது ஐடிஇ என்ற பழைய முறைக்கு மாறிவிட்டால், தன் டிஸ்க்கோடு பேசும் வழி தெரியாமல் விண்டோஸ் அந்த இடத்திலேயே விழுந்துவிடும். போனிலேயே ஒவ்வொரு பக்கமாகச் சொல்லிச் சொல்லி, அந்த அமைப்பைத் திரும்ப மாற்ற வைத்து, தேதியையும் போட வைத்து, எஃப் 10-ஐ அழுத்திச் சேமிக்கச் சொன்னேன். பிறகு நெடுநேரம் யாரும் பேசவில்லை. பின்னணியில் டிவி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. நிமிடத்துக்கு 7,200 சுற்றுச் சுற்றும் பழைய ஹார்ட் டிஸ்க் அது; ஊசி அங்கும் இங்கும் ஓடிக் கோப்புகளைப் பொறுக்கி எடுப்பதற்கு எந்தப் பேட்டரியும் உதவி செய்ய முடியாது.

"வந்துருச்சுங்க!" என்றார் ஆலைக்கார அண்ணன் கடைசியில். "முன்ன எப்பிடி வருமோ அதே மாட்டத்துக்கு, அப்பிடியே மெதுவா வந்துருச்சுங்க. ரொம்ப சந்தோசமுங்க தம்பி."

எஸ்எஸ்டி போட்டால்தான் வேகம் வரும் என்று நான் சொல்லத் தொடங்குவதற்குள் போன் மாமாவின் கைக்குப் போய்விட்டது. "மாப்ளெ, தேதி கரெக்டாக் காட்டுதாக்கும்" என்று வெற்றியோடு அறிவித்தவர், சற்றுக் குரலைத் தாழ்த்தி, அட்டையில் இன்னும் மூன்று பேட்டரி இருப்பதாகவும், பால் சொசைட்டியில் ஒரு பொட்டி ரொம்ப நாளாகவே மெதுவாக ஓடுவதாகவும் சொன்னார்.