ஏரி கோடி போகுது

சைதாப்பேட்டையில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இருபது வருடமாக மனு அடிப்பதுதான் பிழைப்பு. பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் பென்ஷன் என்று எது கேட்டாலும் பார்க்காமலே அடிப்பேன். 2024-இல் கடைக்கு வழக்கமாக வரும் ஒரு பெண், "எங்க அம்மா ஊர்ல நிலத்த எடுக்கப் போறதா நோட்டீஸ் குடுக்குறாங்கக்கா. முப்பது நாளுக்குள்ள ஆட்சேபணை எழுதிக் குடுக்கணுமாம். வந்து அடிச்சுத் தர்றீங்களா?" என்று கேட்டாள். லேப்டாப், பிரிண்டர், ஒரு கட்டு பேப்பர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு காஞ்சிபுரம் பஸ் ஏறினேன்.

பரந்தூர் விமான நிலையத்துக்காகக் குறிக்கப்பட்ட பதின்மூன்று ஊர்களில் அவள் அம்மா ஊரும் ஒன்று. சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்கு அந்த இடம் என்று 2022 ஆகஸ்ட்டில் அறிவித்தார்கள். அந்தப் பதின்மூன்றில் ஒன்றான ஏகனாபுரத்துக்காரர்கள் அதற்கு முன்பே, ஜூலை கடைசியில், உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். பகலெல்லாம் கழனியில் வேலை, பொழுது சாய்ந்ததும் போராட்டம். 2025 ஏப்ரலில் அது ஆயிரம் நாளைத் தாண்டியது. கிராம சபை கூடும்போதெல்லாம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் ஏகனாபுரத்தில் பெரும்பாலானோர் வாக்களிக்கவே போகவில்லை.

இதெல்லாம் செய்தியில் படித்திருந்தேன். ஆனால் மனு அடிக்க உட்கார்ந்த பிறகுதான் எனக்கு விஷயமே புரிந்தது.

ஒரு வீட்டுத் திண்ணையில் மிஷினை வைத்தேன். ஒவ்வொருவராக வந்தார்கள். சர்வே எண், உட்பிரிவு, எத்தனை ஏர்ஸ், பட்டா எண், கிணறு உண்டா, தென்னை எத்தனை. இவ்வளவுதான் நான் கேட்பது. அவர்கள் சொன்னதோ வேறு. "மேலத் தாங்கல் நிரம்பினாத்தான் எங்க ஏரிக்குத் தண்ணி", "மூணாவது மதகு திறந்தா கடைசியா பாயுறது என் கழனிதான்", "எங்க தாத்தா இந்த ஏரிக்கு நீர்க்கட்டி". தாங்கல் என்றால் சின்ன ஏரி, நீர்க்கட்டி என்றால் ஏரித் தண்ணீரைக் கழனிகளுக்குப் பங்கிட்டு விடுபவர். சம்பா, நவரை, சொர்ணவாரி என்று மூன்று போகமும் எந்தத் தண்ணீரில் விளைகிறது என்று அவர்களால் சொல்ல முடியும். ஆட்சேபணை மனுவில் இதை எழுதத் தனியாக இடம் ஏது? நானே ஒரு பத்தி சேர்த்தேன். முதலில் நாலு வரி. அப்புறம் ஒரு பக்கம். பெரியவர் ஒருவர் வரத்துக்கால்வாய் எது, போக்குக்கால்வாய் எது என்று என் பேப்பரின் பின்பக்கம் வரைந்தே காட்டினார். அதையும் ஜெராக்ஸ் எடுத்து மனுவோடு இணைத்தோம்.

திட்டத்துக்குக் கேட்கும் நிலம் சுமார் 5,700 ஏக்கர். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அரசு நிலம்தானே, யாருக்கு நஷ்டம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இந்த ஊர்ப் பக்கத்தில் அரசு நிலம் என்றால் ஏரி, தாங்கல், கால்வாய், மேய்க்கால், சுடுகாடு. புறம்போக்கு என்று கணக்கில் ஒரு வார்த்தையில் முடிந்துவிடுகிறது. மாடு மேய்வதும் மழைத்தண்ணீர் வந்து நிற்பதும் அங்கேதான். நீர்நிலைகள் இருக்கும் அரசு நிலத்தைப் பெரிய திட்டங்களுக்காக ஒருங்கிணைக்க 2023-இல் தனிச் சட்டமே வந்தது. பட்டா உள்ளவருக்காவது நோட்டீஸ் வருகிறது. ஏரிக்கு யார் ஆட்சேபணை எழுதுவது?

கம்பன் கால்வாய் திட்டப் பகுதிக்குள்தான் ஓடுகிறது. பாலாற்றுத் தண்ணீரை வழியெல்லாம் ஏரிகளுக்குக் கொடுத்துக்கொண்டே போய் ஸ்ரீபெரும்புதூர் ஏரியில் சேர்கிறது. ஸ்ரீபெரும்புதூர் ஏரி நிரம்பி வழிந்தால், ஊர்ப் பேச்சில் கோடி போனால், உபரி நீர் செம்பரம்பாக்கத்துக்கு. செம்பரம்பாக்கம் நிரம்பினால் அடையாற்றுக்கு. பெரியவரின் கோடு பேப்பரின் ஓரத்துக்கு வந்து நின்றபோது, மீதி வழி எனக்குத் தெரிந்திருந்தது. அடையாற்றங்கரையில்தான் என் வீடு. 2015 டிசம்பர் ராத்திரி ஜாஃபர்கான்பேட்டையில் என் வீட்டுக்குள் கழுத்தளவு தண்ணீர். அம்மாவை மாடிக்கு ஏற்றிவிட்டு, கடைக்காகப் புதிதாக வாங்கி வைத்திருந்த கம்ப்யூட்டர் மிதப்பதை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேலே உள்ள தாங்கல்களையும் கழனிகளையும் சமன்படுத்தி ஓடுபாதை போட்டால், அங்கே தங்க வேண்டிய மழை எங்கே போகும்? அந்த ஊர்க்காரர்கள் தங்கள் நிலத்துக்காக உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். என் வீட்டுக்காகவும்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மீனம்பாக்கத்தில் நெரிசல் இருப்பது உண்மை. இரண்டாவது விமான நிலையம் தேவைப்படலாம். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும் ஏரிகளின் நடுவே அதைக் கட்டக் கூடாது. இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் அவர்களோடு போய் உட்கார்ந்தேன். புல் அறுத்த கையைக் கழுவிவிட்டு நேராக வந்த பெண்கள்தான் அதிகம். பிள்ளைகள் மடியில் நோட்டை வைத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தன. கோஷம் போட்டார்கள், அன்றைய சங்கதி பேசினார்கள், எழுந்து சோறாக்கப் போனார்கள். பெரிய கூட்டம், மேடை எதுவும் கிடையாது. மறுநாளும் இதேதான். இத்தனை நாள் இப்படி வந்து உட்கார என்னால் முடியுமா என்று பஸ்ஸில் திரும்பும்போது யோசித்துக்கொண்டே வந்தேன்.

2025 ஏப்ரலில் மத்திய அரசு கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது. ஜூலையில் சிலர் நிலத்தை எழுதிக் கொடுத்தார்கள், பத்திரப்பதிவும் நடந்தது. அவர்களை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். மகள் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு, விற்கவும் முடியாமல் அடமானம் வைக்கவும் முடியாமல் வருடக்கணக்கில் முடங்கிக் கிடந்த நிலம். எத்தனை நாள் ஒரு குடும்பம் தாங்கும்? அவர்களுக்காகவும் கோபம்தான் வருகிறது.

அந்தத் திண்ணை வீட்டு அம்மாவுக்கு என் நம்பர் கொடுத்திருந்தேன். ஐப்பசி மழையில் ஒருநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு போன் வந்தது. ஏதோ நோட்டீஸ் வந்திருக்கிறது போல என்று பதறி எடுத்தேன்.

"எங்க ஏரி கோடி போவுதும்மா. ராத்திரியெல்லாம் மழை. உங்க பக்கம் தண்ணி வரும், சாமானெல்லாம் மேல எடுத்து வெச்சுக்க."

எழுந்து போய் கடை பிரிண்டரைப் பரண்மேல் ஏற்றினேன்.