ஒன்றரை மணி நேரம்

2016-இல், 25 வயது நிரம்பிய சிங்கப்பூர்க் குடிமக்கள் திறன் வளர்த்துக்கொள்வதற்காக அரசாங்கம் வழங்கிய 500 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையை நெடுநாள் தொடாமல் வைத்திருந்து, கடைசியில் ரொட்டி சுடும் வகுப்பில் செலவழித்தேன். உடன் வேலை பார்ப்பவர்கள் கணினி நிரலாக்கம் கற்றார்கள் என்பதை என் மனைவி இன்றும் நினைவூட்டுவதுண்டு.

வகுப்பில் நான் சுட்ட ரொட்டி, நானே நம்ப முடியாத அளவுக்கு நன்றாக வந்தது. அரைக் கிலோ மாவு, 7 கிராம் ஈஸ்ட், 10 கிராம் உப்பு, பிசைந்த பின் ஒன்றரை மணி நேரம் மூடி வைத்தல் என்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, ஒன்றரை மணி நேரத்தின் கீழ் இரண்டு கோடுகளும் போட்டேன். அந்த அறையில் கம்பளிச் சட்டை கேட்கும் அளவுக்குக் குளிரூட்டி ஓடிக்கொண்டிருந்ததை மட்டும் குறிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை பிற்பகலில், எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுச் சமையலறை 32 டிகிரியில் வெந்துகொண்டிருந்தது. 40 நிமிடத்திலேயே மாவு பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டுவிட, எட்டிப் பார்த்த அம்மா, "பொங்கிடுச்சுடா, எடுத்துடு" என்றார். இதுவும் இட்லி மாவும் ஒன்றல்ல என்று அவருக்கு ஈஸ்ட் பற்றி ஒரு சிற்றுரை ஆற்றினேன். அதுவும், புளிக்கும் மாவைக் குளிர்பதனப் பெட்டிக்குள் தள்ள வேண்டிய நேரத்தை, இந்த ஊர் வெக்கையில் 40 ஆண்டுகளாக மூக்கினாலேயே கண்டுபிடித்துவரும் ஒருவரிடம்! ஒன்றரை மணி நேரம் நிறைவடைந்தபோது மாவு மூடியிருந்த துணியையும் சுமந்துகொண்டு மேடையில் இறங்கியிருந்தது. கள்ளுக்கடை வாடை வேறு. சூடு கூடக்கூட ஈஸ்ட் விரைந்து வாயுவைக் கக்கும் என்பதும், அளவு மீறினால் மாவின் இழுவை தளர்ந்து அத்தனையும் அமுங்கிவிடும் என்பதும், விரலால் தொட்ட மாத்திரத்தில் எனக்கு விளங்கின.

பாதி மாவை அடுப்பில் வைத்துச் செங்கல்லாக்கினேன். மீதியை அம்மா ஒன்றும் பேசாமல் தோசைக்கல்லில் தட்டிப்போட்டு, மீன் குழம்போடு பரிமாறினார். பிள்ளைகள் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள்.

இரண்டாம் முறை ஈஸ்டைப் பாதியாகக் குறைத்து, பனிக்கட்டித் தண்ணீரில் பிசைந்தேன். தண்ணீரின் குளிர்ச்சியிலேயே கவனமாக இருந்ததில் உப்பை மறந்துவிட்டேன். ஈஸ்டை அடக்கி வைப்பதில் உப்புக்கும் பங்கு உண்டு என்பதை அன்று மாவே கற்பித்தது. மூன்றாம் முறை கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டு, விரலால் அழுத்திய குழி மெதுவாக, பாதி மட்டும் மேலெழும்பும் வரை காத்திருந்தேன். ரொட்டி வந்தது.

ஆனால் பிள்ளைகளோ அந்தத் தோசைக்கல் ரொட்டியைத்தான் கேட்கிறார்கள். அதற்காகச் சென்ற டிசம்பரில், வேண்டுமென்றே ஒன்றரை மணி நேரம் மாவை அப்படியே விட்டுவைத்தேன். பருவமழை விடாமல் கொட்டி வீடே 24 டிகிரிக்கு இறங்கியிருந்ததால், மாவு குறிப்பேட்டில் உள்ளபடி கச்சிதமாகப் பொங்கியிருந்தது.